ஐந்தாவது வரி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதினோம். நாற்பதைக் கடந்தவர்கள் செய்யத் தவறியவற்றை எண்ணிப் பெருமூச்சு விடுவதுண்டு. அதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. நாளும் அரை மணி நேரம் நடப்பது, மாதம் ஒரு புத்தகம் படிப்பது, நீந்தக் கற்பது, நம் ரப்பர் மரத்தின் தாய்வீடான சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தைக் காண்பது ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது, வாயில்லாச் சீவன்களுக்கு முதலுதவி செய்யக் கற்பது.

மனிதருக்கே மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது நாய்க்கு முதலுதவியா என்று சிரிக்காதீர்கள். காரணம் உண்டு.

எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு நாள்தோறும் பள்ளி வாசல்வரை வரும் நாய் ஒன்று இருந்தது. ஒரு நாள் புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு பட்டு அதன் தொடை கிழிந்துவிட்டது. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் ஓடி வந்தார்கள். "ஏதாவது செய்யுங்க சார்!" என்று அழுதார்கள். ஒருவர் காப்பித்தூள் வைத்தார்; ஒருவர் புகையிலை வைத்தார். நாமோ கைபிசைந்து நின்றோம். அரை மணி நேரத்தில் அது போய்விட்டது. ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிய அந்தக் கண்களை மறக்க முடியவில்லை. அன்றிரவுதான் பட்டியலையே எழுதினோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். நான்காவது வரியை முதலில் முடித்தோம். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் பூந்தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். ரப்பரைப் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் சொன்னதால், 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்களாம். சிறிய தொடக்கத்தை விடாமல் பேணினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தோட்டங்களே சாட்சி.

தங்கை மகளின் அடுக்குமாடி வீடு தேக்காவில், பஃப்ளோ ரோட்டில் இருக்கிறது. பஃப்ளோ என்றால் எருமை. அருகிலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவும் எருமைதான். சற்றுத் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரம் முழுவதும் மாட்டுத் தொழுவங்கள். நம்மவர் பலர் அங்கே மாடு மேய்த்தும் பால் கறந்தும் பிழைத்தார்கள். இன்று தொழுவம் இல்லை. அடுக்குமாடிகளில் நாயும் பூனையும் வளர்க்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அங்குள்ள அரசாங்க வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி உண்டு.

"மாமா, உங்க ஐந்தாவது வரிக்கு இங்கே வகுப்பு இருக்கு" என்றாள் தங்கை மகள். ஒரு நாள் வகுப்பு. பொம்மை நாயை வைத்துச் செய்து காட்டினார்கள். நாம் கற்றதில் வீட்டுக்கு உதவுவதைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட பிராணி, வளர்த்தவரையே கடிக்கும். ஆகவே பதறாமல் மெல்ல அணுகுங்கள். நாயின் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டலாம். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது.

இரத்தம் வழிந்தால், சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி வையுங்கள். காப்பித்தூள், புகையிலை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஈறு வெளுத்திருந்தால் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வெயிலில் மயங்கினால் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நாம் விழுங்கும் பாராசிட்டமோல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். நாய்க்கு வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது.

நாய் மனிதரைக் கடித்துவிட்டால்? சிங்கப்பூரில் 1953-க்குப் பின் வெறிநாய் நோய் இல்லை. மலேசியாவிலோ 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களையும் பறித்தது. எனவே கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். அறிகுறி கண்டபின் இந்நோய்க்கு மருந்தில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆட்டுக்குட்டி ஒன்று முள்வேலியில் காலைக் கிழித்துக்கொண்டது. பிள்ளைகள் மறுபடி ஓடி வந்தார்கள். இம்முறை நம் கைத்துண்டைக் கொடுத்து, அழுத்தச் சொன்னோம். "சார், கை வலிக்குது, ஆனா எடுக்க மாட்டேன்" என்றாள் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இரத்தம் நின்றது. குட்டி இப்போது நொண்டாமல் மேய்கிறது.

நீந்தக் கற்பது இன்னும் பாக்கி. புத்தக வரியும் சில மாதங்கள் தவறியது. ஆனாலும் பட்டியலைக் கிழித்துவிடவில்லை. பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களும் ஐந்து வரி எழுதுங்கள். நான்கு உங்களுக்காக இருக்கட்டும். ஒன்றாவது, உதவி கேட்கத் தெரியாத ஓர் உயிருக்காக இருக்கட்டும்.