பிள்ளைகள் கவிதை எழுதட்டும், கொடுக்கவும் பழகட்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது கவிதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிங்க, பரவாயில்லை. இது நம்ம வீட்டில் இருக்கிற 13 வயசு, 15 வயசு, 17 வயசுப் பிள்ளைகளைப் பற்றின பேச்சு. அதனால கொஞ்சம் காது கொடுங்க.

குழுக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் எங்களிடம் சொல்கிற குறை ஒன்று உண்டு. "நம்ம கஷ்டமே பிள்ளைக்குத் தெரியல. அடுத்தவங்க கஷ்டம் எங்க தெரியப் போகுது?" அதைக் கேட்டுத்தான், விடுமுறை நாட்களில் வளரிளம் பிள்ளைகளை உட்கார வைத்து, ஈகையைப் பற்றிக் கவிதை எழுத வைத்து வருகிறோம். அதில் நாங்கள் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

'தானம் செய்வோம்' என்று தலைப்புக் கொடுத்தால், எல்லாப் பிள்ளைகளும் பேச்சுப் போட்டியில் மனப்பாடம் பண்ணினதைத்தான் எழுதுவார்கள். கர்ணன் வருவான், கண்ணீர் வரும், அடுத்த தெருவில் இருக்கிற ஆள் வர மாட்டார். அதனால் நாங்கள் கொடுக்கும் தலைப்பு வேறு. "உனக்கு ஒருத்தர் கொடுத்ததை எழுது. என்ன கொடுத்தாங்க, எந்த நேரத்துல கொடுத்தாங்க, கொடுக்கும்போது என்ன சொன்னாங்க?" ஏழை, பாவம், வள்ளல் என்ற 3 சொற்களும் வரக் கூடாது. எதுகை மோனை தேவையில்லை. 10 வரிக்கு மேல் போக வேண்டாம். விதி இவ்வளவுதான்.

ஒரு பையன் இப்படி எழுதினான்:

மழை பெய்த ராத்திரி
எங்க கூரை ஒழுகுச்சு.
பக்கத்து வீட்டு அத்தை
தார்ப்பாய் கொண்டுவந்து போட்டுச்சு.
காலையில பார்த்தேன்,
அத்தை வீட்டு விறகெல்லாம் ஈரம்.

விறகை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டுதான் அந்த அத்தை வந்திருக்கிறார். "எழுதும்போதுதான் அந்த விறகு ஞாபகத்துக்கு வந்துச்சு" என்று பையன் சொன்னான். கவிதை எழுதுவதன் பயன் இதுதான். சும்மா பார்த்துவிட்டுப் போனதை நின்று பார்க்க வைக்கிறது. கொடுத்தவருக்கு என்ன குறைந்தது, வாங்கியவருக்கு எப்படி இருந்தது என்று யோசிக்க வைக்கிறது. நாம் 100 முறை புத்தி சொன்னாலும் இது வராது.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் 4 வரிதான் எழுதினாள்:

நாலு நோட்டு கொடுத்தாங்க.
நாலு போட்டோ எடுத்தாங்க.
நோட்டு தீர்ந்து போச்சு.
போட்டோ தீரல.

அந்தப் படம் போன் போனாகச் சுற்றி, கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி பண்ணியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் உதவி வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள் என்று கேட்டபோது, தேவை இருந்தும் அவள் பெயர் கொடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. கொடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனால் கொடுத்த விதம், வாங்குகிற கையை மூட வைத்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "நாம எதைக் கொடுத்தாலும் போட்டோ எடுக்கக் கூடாது" என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். தீர்மான நோட்டில் எழுதாத தீர்மானம் அது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கிருந்தெல்லாமோ பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்தன. உடுத்த முடியாத துணிகள் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. அதற்கு முந்தின நாள்வரை கடலில் உழைத்துத் தன் வீட்டில் தலை நிமிர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கந்தலைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? வேண்டாததைத் தள்ளிவிடுவது ஈகை ஆகாது. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் சின்ன வயசிலேயே தெரிய வேண்டும்.

நம் பழைய நூல்களும் இந்த வித்தியாசத்தைப் பேசுகின்றன. திருக்குறளில் 23ஆவது அதிகாரம் ஈகை. அதன் முதல் குறளே, இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்கிறது. குறியெதிர்ப்பை என்றால், அளவு பார்த்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்குகிறோமே, அதுதான். மொய் நோட்டும் அப்படித்தான். கைமாற்றும் மொய்யும் தேவைதான், அவை இல்லாமல் கிராமத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அவற்றை ஈகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புறநானூற்றில் 163ஆம் பாட்டு நமக்காகவே பாடியது போல இருக்கும். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வறுமையில் வாடியவர். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசு பெற்று வீட்டுக்கு வருகிறார். மனைவியிடம், உன்னை விரும்பி வந்தவர்களுக்கும், உறவுப் பெண்களுக்கும், நம் பசிக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும், இன்னார் என்று பாராமல் எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம், சேர்த்து வைத்து வாழலாம் என்றும் நினைக்க வேண்டாம் என்கிறார். சேமிப்புக் குழுக்காரர்களான நாம் கடைசி வார்த்தையைக் கேட்டால் சிரிப்போம்! ஆனால் கொடுக்கிற பொறுப்பையும் அதிகாரத்தையும் அவர் அந்த வீட்டுப் பெண்ணிடம் விட்டதைக் கவனியுங்கள். பட்டினியில் தனக்கு உதவியவர்களை அவர் மறக்காததையும் கவனியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் எழுதினதில் முட்டை அடிக்கடி வந்தது. "வீட்டுல ஒரே முட்டைதான், தம்பிக்குக் கொடுத்துட்டேன்." கேட்டால், கொடுத்தது அவளில்லை. அவளைக் கேட்காமலே தட்டிலிருந்து தம்பி தட்டுக்குப் போயிருக்கிறது. அதற்கு ஈகை என்று பெயர் வைக்காதீர்கள். தனக்கென்று ஒரு பங்கு இருந்து, அதைத் தானே மனசு வந்து கொடுப்பதுதான் ஈகை. முட்டையை முதலில் பாதி பாதியாகப் பிரியுங்கள்.

"எழுதச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். தாலாட்டு பாடினது யார்? நடவுப் பாட்டும் ஒப்பாரியும் யாருடையவை? 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தே தெரியாத பெண்கள் பாட்டைக் கேட்டுத்தான் கூடினார்கள், பிறகு எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். நமக்குத் தெரியாத விஷயமா இது?

ஒவ்வொரு குழுவும் வருகிற விடுமுறையில் செய்ய வேண்டியவை:

1. பிள்ளைகளில் 8 அல்லது 10 பேரைக் கூட்டி உட்கார வையுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கட்டும்.

2. முதலில் நீங்கள் ஒருவர், உங்களுக்கு யாரோ கொடுத்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். பிறகு பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

3. உதவி வாங்கிய குடும்பத்தின் பெயரோ அடையாளமோ கவிதையில் வர வேண்டாம். எழுதிய பிள்ளை சம்மதித்தால் மட்டும் சத்தமாகப் படிக்கட்டும்.

4. பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம்.

5. படித்து முடித்ததும், ஒரு மாதத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தினம் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பதாக இருக்கலாம். படித்து முடித்த பாடப் புத்தகங்களை அட்டை போட்டு அடுத்த வகுப்புக்குக் கொடுப்பதாக இருக்கலாம்.

6. கொடுப்பதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் போய்க் கேட்டார்கள். "தண்ணி நானே எடுத்துக்குவேன், என் மகனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க" என்றார் பாட்டி. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது ஒரு பிள்ளை போன் போட்டுக் கொடுக்கிறது.

பணம் கொடுத்தால்தான் ஈகை என்றால் நம் பிள்ளைகளால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பார்க்கிற கண்ணும், கேட்கிற காதும், அரை மணி நேரமும் அவர்களிடம் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்பு நோட்டோடு, பிள்ளைகள் சம்மதித்த கவிதைகளையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.