தையற்பொறியின் உறுப்புகளும் அதன் நலமும்



விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்தது எங்கள் திருவக்கரை. வக்கிரகாளி அம்மனையும் சந்திரமௌலீசுவரரையும் வழிபட வருவோர் ஒருபுறம். கல்மரங்களைக் காண வரும் கல்லூரி மாணவர்கள் மற்றொருபுறம். சொன்னெரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கையியலார் 1781-ஆம் ஆண்டிலேயே இக்கல்மரங்களைக் குறித்து எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், மெல்ல மெல்லக் கல்லாயின என்பர் அறிஞர். மரம் கல்லாவதற்கு அத்தனை காலம் பிடித்தது. ஆனால், ஒரு தையற்பொறி கல்லாவதற்கு இரண்டு மழைக்காலமே போதும் என்பதை எங்கள் தெருவிலேயே நான் கண்டேன். அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கணவரை இழந்த அம்மையார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் அவருக்கு ஒரு தையற்பொறி கிடைத்தது. அதைக் கொண்டு இரவிக்கையும் பாவாடையும் தைத்து, இரு பிள்ளைகளைப் படிக்க வைத்துவந்தார். ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் வீட்டு வாயிலில் பழைய இரும்பு வாங்குகிறவர் நின்றிருந்தார். தராசுக்குப் பொறி வந்தாயிற்று. "என்னம்மா இது?" என்றேன். "சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது, ஐயா. பழுது பார்ப்பவர் வந்து பார்த்து, உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, எடைக்குப் போடுங்கள் என்று சொல்லிப் போனார்" என்றார். துணிமணிகள் மூட்டையாக மூலையில் கிடந்தன. அவற்றுக்கு முன்பணமும் வாங்கிச் செலவழித்தாயிற்று.

பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெம்புகோலும் கப்பியும் கற்பித்தவன் நான். "ஒரு நாள் பொறுங்கள்" என்று அந்த வணிகரை அனுப்பிவிட்டு, பொறியை என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவரச் செய்தேன்.

முதலில் அதன் உறுப்புகளை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். உங்கள் வீட்டில் கறுப்பு நிறத் தையற்பொறி இருந்தால், இப்பேச்சு முடிந்தபின் அதன் அருகே சென்று பாருங்கள். கீழே மிதிபலகை. அதிலிருந்து ஒரு கோல் மேலெழுந்து பெரிய சக்கரத்தின் வளைந்த அச்சைப் பற்றியிருக்கும். கால் மேலும் கீழும் அசைகிறது. சக்கரமோ வட்டமாகச் சுழல்கிறது. அசைவு சுழற்சியாக மாறும் இந்த நுட்பமே பழைய நீராவிப் பொறியிலும் இருந்தது. கோலும் அச்சும் ஒரே கோட்டில் நிற்கும் நிலையில், எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. தைக்கத் தொடங்குமுன் மேற்சக்கரத்தைக் கையால் தட்டிவிடுவது இதனாற்றான். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது மேலே சிறிய சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். பின்பு இரு சக்கரங்களின் குறுக்களவையும் அளந்து வகுத்துப் பாருங்கள். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் இரண்டு விடைகளும் ஒத்து வாரா. பெல்ட் வழுக்குகிறது என்பதை அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

இனி, பொறியின் உயிர்நிலைக்கு வருவோம். கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்புறத்தில் இருக்கிறது. பொறியின் ஊசிக்கோ முனையிலே இருக்கிறது. முனையில் காதுள்ள ஊசியையும், துணிக்கடியில் இரண்டாம் நூலைக் கொண்டுசெல்லும் ஓடத்தையும் இணைத்து, அமெரிக்கரான எலியாஸ் ஹோ என்பவர் 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற பொறியே பின்னர் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் உஷா பொறிகள் செய்யத் தொடங்கினர். காந்தியடிகள் இயந்திரங்களையெல்லாம் வெறுத்தவர் என்று சிலர் கருதுகின்றனர். 1924-இல் தில்லியில் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் இதையே அவரிடம் கேட்டபோது, சிங்கர் தையற்பொறிக்கு அவர் விலக்களித்தார். அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

ஊசி துணியைத் துளைத்துக் கீழே செல்கிறது. அடிவரை சென்றதும் சற்றே மேலெழுகிறது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான். அப்போது என்ன நிகழ்கிறது? ஊசியின் ஒரு பக்கத்தில் நெடிய பள்ளம் ஒன்று உண்டு. அப்பக்கத்து நூல் பள்ளத்துக்குள் ஒடுங்கி ஊசியோடு வழுக்கிச் செல்கிறது. மறுபக்கத்து நூலைத் துணி பற்றிக்கொள்கிறது. ஆகவே அது மேலே செல்ல முடியாமல் ஒரு சிறு கண்ணியாகப் பிதுங்குகிறது. அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை வந்து கண்ணிக்குள் நுழைந்து, அதை விரித்து, பாபினைச் சுற்றி முழுதும் கொண்டுபோகிறது. மேல்நூல் கீழ்நூலைத் தழுவிக்கொள்கிறது. உடனே, பொறியின் முகப்பில் ஏறியிறங்கும் சிறு கை நூலை மேலே இழுத்துத் தையலை இறுக்குகிறது. இவ்வளவும் ஒரே ஒரு தையலுக்கு! அடியில் உள்ள பற்களோ எழுந்து, துணியை நகர்த்தி, தாழ்ந்து, பின்னே மீண்டு, மறுபடியும் எழுகின்றன. துணியை நகர்த்துவது அப்பற்களின் வேலை. நம் கையின் வேலையன்று. பொறுமையின்றித் துணியைப் பிடித்து இழுப்போர் ஊசியை வளைக்கிறார்கள். வளைந்த ஊசி தகட்டில் மோதி முறிகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் ஒரே நேர்கோட்டில் அமையாதிருத்தல் ஒரு சிறப்பு. அதைப் பார்க்கவே பலர் வருகின்றனர். ஊசிக்கு அந்த வக்கிரம் ஆகாது. ஒரு மயிரிழை விலகினாலும் ஷட்டிலின் முனை கண்ணியைத் தவறவிட்டுவிடும். தையல் விட்டு விட்டு விழும்.

இப்போது எங்கள் திண்ணைக்கு மீள்வோம். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெய் விடும் துளையொன்றில் குச்சியை விட்டு எடுத்தேன். பழுப்பு நிறத்தில், வேப்பம் பிசின் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. "இதற்கு என்ன எண்ணெய் விட்டீர்கள், அம்மா?" என்றேன். "தேங்காய் எண்ணெய்தான், ஐயா. தலைக்குப் பூசுகிற நல்ல எண்ணெய்" என்றார்.

உண்ணும் எண்ணெயெல்லாம் காற்றுப்பட நாளடைவில் கெட்டு, தூசியோடும் பஞ்சோடும் கூடிப் பிசினாகும் தன்மையது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பொறியின் உள்ளே அது உறைந்து, மேலும் ஊற்றப்பட்டு, மேலும் பிசினாகி, இறுதியில் அச்சுகளைப் பற்றிக்கொண்டது. தேய்மானம் என்று பழுது பார்ப்பவர் சொன்னது தேய்மானமன்று. எதிர்மாறாக, உலோகத்தின் மேல் ஏறிய ஒரு படிவு. கடையில் கிடைக்கும் மெல்லிய, நிறமற்ற தையற்பொறி எண்ணெய் தாதுப்பொருளிலிருந்து பெறப்படுவது. அது எளிதில் பிசினாகாது.

விளக்கின்றி, அடுப்பின்றி, திறந்த திண்ணையில் வைத்து ஒவ்வொரு துளையிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டேன். (மாணவர்களே, பெரியவர் ஒருவர் உடனிருந்தாலன்றி இதை நீங்கள் செய்ய வேண்டா.) ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தேன். வன்மை காட்டவில்லை. நண்பகலில் அது ஒரு சுற்றுச் சுற்றியது. அழுக்கைத் துடைத்து, நல்ல எண்ணெயைத் துளைக்கு ஒரு துளி வீதம் விட்டு, நூலில்லாமல், பாதத்தைத் தூக்கிவைத்துச் சில நிமிடம் ஓட்டினேன். பல்லுக்கு மேலுள்ள தகட்டைக் கழற்றியபோது, அடியில் பஞ்சுத் துகள் கம்பளிபோல் அடைந்து கிடந்தது. பழைய பல் துலக்கும் தூரிகையால் அதைப் பெருக்கி எடுத்தேன். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கும் சற்றுப் பெருமிதந்தான்.

அந்தப் பெருமிதம் மாலைவரை நிற்கவில்லை. நூல் கோத்துத் தைத்தபோது, துணியின் மேற்புறம் ஒழுங்காக இருந்தது. அடிப்புறத்திலோ நூல் காக்கைக் கூடுபோல் சுருண்டு கிடந்தது. குற்றம் கீழேதானே தெரிகிறது, ஆகவே நோயும் கீழேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாபின் கேசின் சிறு திருகாணியை முறுக்கினேன், தளர்த்தினேன், மீண்டும் முறுக்கினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. அத்திருகாணி ஒருமுறை கீழே விழுந்து, அதைத் தேட ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் என்னிடம் படித்த பெண் ஒருத்தி அவ்வழியே வந்தாள். மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகள் தைப்பவள். இயற்பியலில் அவள் பெற்ற மதிப்பெண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அடிப்புறத்தை ஒரு பார்வை பார்த்தாள். "சார், பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோத்தீர்களா, இறக்கி வைத்துக் கோத்தீர்களா?" என்றாள். இறக்கி வைத்துத்தான் கோத்திருந்தேன். அவள் பாதத்தைத் தூக்கினாள், நூலை உருவி மறுபடியும் கோத்தாள், தைத்தாள். முத்துக் கோத்தாற்போல் தையல் விழுந்தது.

காரணத்தைப் பின்பு நானே ஆராய்ந்து தெளிந்தேன். மேல்நூல் இரண்டு சிறு வட்டத் தகடுகளுக்கிடையே செல்கிறது. அவற்றை ஒரு சுருள்வில் அழுத்தி நூலுக்கு இறுக்கம் தருகிறது. பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விரியும், இறக்கினால் மூடிக்கொள்ளும். மூடிய தகடுகளுக்குள் நான் கோத்த நூல் நுழையவேயில்லை, விளிம்பிலேயே தங்கிவிட்டது. இறுக்கமற்ற மேல்நூலைக் கீழ்நூல் தன்பால் இழுத்துக்கொண்டது. எனவே சுருள்கள் எல்லாம் அடியில் விழுந்தன. அடியில் தெரியும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் மேல்நூலே காரணம். மேற்புறத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால், மேலே இறுக்கம் மிகுதி என்று பொருள். இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளுமாறு அமைவதே சரியான தையல். மேலும் கீழும் இருவேறு நிற நூல்களைக் கொண்டு தைத்துப் பார்த்தால் இது கண்கூடாக விளங்கும்.

பாபின் கேசைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். அதைச் சோதிக்க எளிய வழியொன்றை அவளே காட்டினாள். நூலைப் பிடித்துக் கேசைத் தொங்கவிட வேண்டும். அது தானாகக் கீழே வழுக்கக் கூடாது. கையை மெல்ல ஒரு உதறு உதறினால் சிறிது இறங்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் திருகாணியிடம் போகவே வேண்டா. போக நேர்ந்தாலும் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது.

ஊசியைப் பற்றி ஒரு சொல். ஊசிக்கு எண் உண்டு. மெல்லிய வாயிலுக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 அல்லது 18. ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அத்தட்டைப் பக்கம் ஷட்டிலின் முனை வரும் திசையை நோக்க வேண்டும். பள்ளமுள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும். மேலே முட்டும்வரை ஏற்றித் திருக வேண்டும். பொறிக்குப் பொறி இத்திசை மாறுபடும். ஆதலால் பழைய ஊசியைக் கழற்றுமுன் அது எப்படி நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பலகாரத்தின் விலைக்கும் ஆகாத ஊசியை முனை மழுங்கும் வரை வைத்திருந்து, விலையுயர்ந்த துணியைப் பாழாக்குவோரை நான் அறிவேன். என் அன்னையாரே அவர்களில் ஒருவர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடற்கரையை அடுத்த எங்கள் பகுதியில் காற்றே ஈரமாயிருக்கும். தைத்து முடித்ததும் ஈரத்துணியைப் பொறியின் மேல் போடாமல், உலர்ந்த துணியால் துடைத்து மூடிவைத்தால் துரு அணுகாது. நாள்தோறும் தைப்பவர் நாள்தோறும் ஒரு துளி எண்ணெய் விடலாம். எப்போதாவது தைப்பவர் தைக்கும் முன் விட்டால் போதும். எண்ணெய் விட்டபின் முதலில் கந்தல் துணியில் சில வரிசை தைத்துவிட்டு, பிறகே நல்ல துணியை எடுக்க வேண்டும். நூலை இறுக்கும் தகடுகளுக்கும் பெல்ட்டுக்கும் எண்ணெய் படவே கூடாது.

அந்த அம்மையாரின் வீட்டில் தீபாவளிக்கு முந்தைய இரவு விளக்கு அணையவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைவரை பொறியின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. மூட்டையிலிருந்த துணிகளில் இரண்டைத் தவிர மற்றவை உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டும் மறுநாள் காலையில் போயின. என்னிடமிருந்த சிறிய திருப்புளியை அன்று அவரிடம் கொடுத்தேன். அது இன்னும் அவர் பொறியின் இழுப்பறையிலேயே, ஊசிப் பொட்டலத்தோடும் எண்ணெய்க் குப்பியோடும் கிடக்கிறது.