பேச்சு தேய்ந்த ஊரில் ஒரு திருவிழா



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்றோர் ஊர். நவம்பர் மாதத்தில் அங்கே 'வூர்ஸ்ட்ஃபெஸ்ட்' நடைபெறும். சாசேஜ் திருவிழா என்பது பொருள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் காலையில் காரில் வந்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றன. கோமல் ஆற்றங்கரையில் அக்கார்டியன் முழங்குகிறது; உருளைக்கிழங்கு அடையும் கையுமாகப் பிள்ளைகள் போல்கா ஆட்டத்தை வேடிக்கை பார்க்கின்றனர். ஆண்கள் அணியும் தோல் அரைக்காற்சட்டையோ பவேரிய மலைநாட்டு உடை. ஊரை உண்டாக்கியவர்களுள் பெரும்பாலோர் ஹெஸ்ஸே, நாஸாவ், ஹானோவர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மூதாதையரை நினைத்து அணியும் உடை, மூதாதையர் அணியாத உடை!

ஆயினும் இவ்வூர்ச் செய்தி இவ்வட்டத்தார்க்கு வேண்டியது உடைக்காகவன்று, மொழிக்காக.

1845இல் இளவரசர் கார்ல் இவ்வூரை நிறுவினார். அடுத்த ஆண்டு கடற்கரையில் வந்திறங்கியோர், வண்டிகளைப் போர் கொண்டுபோனதால் வழியின்றித் தங்கி, நோயில் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அத்தகைய துயரின் பின்னும் 1852இல் ஜெர்மன் செய்தித்தாள் ஒன்று பிறந்தது; அதன் ஆசிரியர் லிண்ட்ஹைமர், செடிகொடி தேடி அலைந்த தாவரவியலார். 1853இல் பாடற்குழுக்களின் மாநில விழா இங்கேதான் முதன்முதல் கூடியது. மறு ஆண்டு சான் அந்தோனியோ விழாவையொட்டிக் கூடிய மாநாடு, அடிமைமுறை தீயது என்று தீர்மானித்தது. பாட்டுக்காரர்க்கு அரசியல் எதற்கு என்போர் கவனிக்க.

அம்மக்கள் சொல்லாக்கத்திலும் வல்லவர். முன்பின் கண்டிராத ஸ்கங்க் என்னும் விலங்கிற்கு 'ஸ்டிங்க்காட்ஸே' என்று பெயரிட்டனர், நாற்றப் பூனை. விமானம் வந்தபோது அது 'லுஃப்ட்ஷிஃப்', வான்கப்பல் ஆயிற்று. குழு அமைத்தா ஆக்கினார்கள்? கண்ணில் பட்டதைக் கையிருப்புச் சொற்களில் பூட்டினார்கள். கவிஞன் செய்வதும் வேறென்ன?

முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பேசுவதே ஐயத்திற்குரியதாயிற்று. 1918இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று மாநிலச் சட்டம் வந்தது. சட்டத்தைவிட ஆழமாக வெட்டியது வீட்டிற்குள் நேர்ந்த மாற்றம். இரண்டாம் போருக்குப் பின் பெற்றோர் தமக்குள் ஜெர்மனிலும், குழந்தைகளிடம் ஆங்கிலத்திலும் பேசலாயினர். சண்டையோ தடையோ இன்றி ஒரு தலைமுறையில் மொழி அடுப்படியை விட்டு நீங்கியது. 1957இல் செய்தித்தாளின் ஜெர்மன் பதிப்பு நின்றது. திருவிழா தொடங்கியது 1961இல். இடையே நான்கே ஆண்டுகள்.

2001இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் போவாஸ், எஞ்சிய பேச்சாளரைத் தேடி ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். பேசுவோர் முதியோர், பலருக்கு அம்மொழியில் மறுமொழி சொல்ல வீட்டில் ஆளில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு வருபவர் கேட்கும்போதுதான் நாற்றப் பூனையும் வான்கப்பலும் அவர்கள் நாவிற்கு மீண்டும் வருகின்றன.