இறாலுக்கும் கரப்பொத்தானுக்கும் உள்ள சொந்தம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தர விலங்கியல் வகுப்பில் ஓர் இறாலின் 19 சோடித் தூக்கங்களையும் வரிசை குழம்பாமல் கழற்றி அடுக்கியது எங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒன்று முறிந்தால் இன்னோர் இறாலுடன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது எங்கள் குறிப்பில் இறாலும் நண்டும் கிறஸ்ரேசியா என்று ஒரு பக்கம். பூச்சிகளும் மட்டத்தேளும் மற்றப் பக்கம். உடலமைப்பைப் பார்த்துப் பிரித்த அந்தப் பிரிவை எழுதிப் புள்ளியும் வாங்கினோம்.

அது இன்று நிற்கவில்லை. அதைக் குழப்பியது டி.என்.ஏ.

வகுப்பில் குறிப்பு எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாங்கில் ஒருத்தி ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால், அவளின் கொப்பியைப் பார்த்து எழுதிய எல்லோரிடமும் அதே பிழை இருக்கும். திருத்துகிற ரீச்சருக்கு யார் யாரைப் பார்த்தது என்று விளங்கிவிடும். (எங்களுக்கு நடந்தது, விபரம் வேண்டாம்.) டி.என்.ஏ.யும் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்யப்படுகிறது, இடைக்கிடை ஓர் எழுத்து மாறிவிடுகிறது. பல உயிர்களில் ஒரே பரம்பரையலகை எடுத்து, எந்த மாற்றங்கள் எவற்றுக்குப் பொதுவென்று கணித்தால் கிளை எங்கே பிரிந்தது என்று மதிப்பிடலாம். கொரோனாக் காலத்தில் எங்கள் மூக்குக்குள் குச்சி விட்டுச் செய்த பி.சி.ஆர். முறையே இதற்கும் உதவுகிறது. நண்டுக்காலின் சிறு துண்டு போதும்.

1992 இல் இந்த வழியில், அலாஸ்காக் கடலின் பெரிய அரச நண்டு, வெறும் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளின் கிளையிலிருந்து வந்ததென்று காட்டினார்கள். 2010 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு 75 கணுக்காலி இனங்களில் 62 பரம்பரையலகுகளை ஒப்பிட்டது. பூச்சிகள் கிறஸ்ரேசியா மரத்துக்குள்ளேயே ஒரு கிளை என்பது அதன் முடிவு. மட்டத்தேள் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. பூச்சிகளுக்குக் கிட்டிய உறவாக நிற்பவற்றில் ஒன்று ரெமிப்பீடியா. 1979 இல் பகாமாஸ் தீவுகளின் கடல்நீர்க் குகையொன்றில் கண்டெடுத்த, கண்ணில்லாத நீந்தும் உயிர்.

இது வைத்தியருக்கு எதற்கு என்று கேட்பீர்கள்.

நாங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்த காலம். இறால் சாப்பிட்டு முகம் வீங்கி வந்த எட்டு வயதுப் பிள்ளையின் தாயிடம், "கடல் சாப்பாடு ஒன்றும் குடுக்காதேங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். இரண்டு வருடம் அவர் அதைத் தவறாமல் காத்தார். கடற்கரை வீடு, எல்லோருக்கும் மீன் குழம்பு, அவளுக்கு மட்டும் பருப்பு. பிறகு மூத்த வைத்தியர் ஒருவர் சோதித்தபோது மீன் அவளை ஒன்றும் செய்யவில்லை. பிழை எங்களுடையது. 'கடல் சாப்பாடு' என்பது சந்தை செய்த பிரிவு. மீனுக்கு முள்ளந்தண்டு உண்டு. அது இறாலை விட மனிதருக்கே கிட்டிய சொந்தம். இறாலில் பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புவது ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். நண்டிலும் சிங்க இறாலிலும் கரப்பொத்தானிலும், இன்னும் தூரத்து உறவான வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியிலும் அது ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. மீன் ஒவ்வாமைக்குப் பொதுவாகக் காரணம் பார்வல்புமின் என்ற வேறொரு புரதம்.

ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நண்டிலும் கவனம் வேண்டும். மீனைச் சோதிக்காமல் நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம், அது வைத்தியர் முன்னால் நடக்கட்டும். மீன் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகும், இறால் உரித்த பலகையில் வெட்டினால் ஆபத்துத்தான். சந்தையில் பலகையையும் கத்தியையும் கழுவிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். முகம் சுழிப்பார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள்.