விழுப்புரம் சாலைக்கு எத்தனை குதிரை?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மோட்டார் சைக்கிள் கடைக்குள் நுழைகிற இளைஞர் முதலில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும், பிக்கப் எப்படி இருக்கும். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் சொல்கிற பதில் ஓர் எண்: இத்தனை சிசி, இத்தனை குதிரைத்திறன். அந்த எண் பொய்யில்லை. ஆனால் என்ஜின் தன் உச்சச் சுழற்சிக்கு அருகில் ஓடும்போது மட்டுமே கிடைக்கிற திறன் அது. நம் ஊர்ச் சாலையில் நம் கை அந்த இடத்துக்குப் போவது மிக அரிது. ஆகவே, பெரிய வண்டி எனக்குப் பொருந்துமா என்று கேட்கிறவர் வண்டியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், தன் ஓட்டம் நாள் முழுவதும் எந்த வேகத்தில், எந்த கியரில் நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 தருவது 20 குதிரைத்திறன். கேடிஎம் டியூக் 390, அதன் 373 சிசி என்ஜினோடு வந்த காலத்தில் தந்தது 43. சிசியில் பெரிய வித்தியாசம் இல்லை, திறனிலோ ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. காரணம் சுழற்சியில் இருக்கிறது. அந்த டியூக் தன் முழுத் திறனைக் கொடுத்தது நிமிடத்துக்கு 9,000 சுழற்சியில், முழு இழுவையை, அதாவது டார்க்கை, கொடுத்தது 7,000 சுழற்சியில். கிளாசிக் வண்டியின் இழுவை 4,000 சுழற்சியிலேயே முழுசாக வந்துவிடுகிறது. விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில், ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டாவது கியரில் நகர்கிறவர் 9,000 சுழற்சியை எங்கே போய்த் தொடுவது? அந்த இடத்தில் அவருக்கு வேண்டியது கீழ்ச்சுழற்சியில் திணறாமல் இழுக்கிற என்ஜின். அப்படிப்பட்டவர் 43 குதிரைக்குப் பணம் கட்டிவிட்டு, அதில் கால்வாசியை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறார். சிசியை வைத்தும் ஏமாறக்கூடாது. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி. ஆனால் சுமார் 100 கிலோ எடைக்கு 11 குதிரைத்திறன். வண்டியின் எடையை மட்டும் வைத்து வகுத்துப் பார்த்தால், கிலோவுக்கு இத்தனை என்கிற கணக்கில் அது இன்றைய கிளாசிக் 350-க்கு ஏறக்குறையச் சமம். அந்த வண்டியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

சரி, சாலை நம்மிடம் எவ்வளவு திறன் கேட்கிறது? சமதளத்தில், ஒருவர் மட்டும் ஏறி, மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகப் போக ஏறக்குறைய 3 குதிரைத்திறன் போதும். 80-இல் போக 6 வேண்டும். 120 என்றால் 17 முதல் 20 வரை ஆகும். காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது என்பதுதான் இந்தத் தாவலுக்குக் காரணம். 97 சிசி ஸ்ப்ளெண்டரில் 8 குதிரைத்திறன் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு ஒன்றிய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80. அதாவது சட்டம் அனுமதிக்கிற வேகத்துக்கு ஸ்ப்ளெண்டரே எட்டிப் பிடித்துவிடும். நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். 80-இல் போனால் 28 நிமிடம், 100-இல் போனால் 22 நிமிடம். இந்த ஆறு நிமிடத்துக்கு நாம் கொடுக்கிற விலை பிரேக் பிடிக்கிற தூரத்தில் தெரியும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நல்ல சாலையில் 60-இல் போகும் வண்டி நிற்க 37 மீட்டர் வேண்டும். 80-இல் 57 மீட்டர். 120-இல் 110 மீட்டரைத் தாண்டும். கூட்டேரிப்பட்டிலும் விக்கிரவாண்டியிலும் ஊர் சாலைக்கு இருபக்கமும் இருக்கிறது. குறுக்கே ஆள் கடக்கும், ஆடு கடக்கும், எதிர்த்திசையில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வைக்கோல் கட்டோடு வரும். அவ்வளவு தூரத்துக்கு வெறும் சாலை அங்கே யாருக்கும் ஒதுக்கி வைக்கப்படவில்லை.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி வரும். ஸ்ப்ளெண்டர் 80-ஐத் தொடும், சரி, ஆனால் தொட்ட இடத்தில் அதன் மூச்சு முட்டுகிறதே என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். தன் திறனில் முக்கால் பங்கைக் கொடுத்து ஓடுகிற சின்ன என்ஜின் அதிரும். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். ஆம்னி பஸ் ஒன்று பக்கத்தில் கடந்தால், 112 கிலோ வண்டியை அதன் காற்று ஓர் அடி தள்ளிவிடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, எதிர்க்காற்றும் அடித்தால் 80 கனவுதான். வாரம் தவறாமல் சென்னைக்கு 160 கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு நூறு சிசி வண்டி உடம்பைக் கெடுக்கும் வண்டி. அவருக்குக் கையில் கொஞ்சம் திறன் மீதம் இருக்க வேண்டும். ஆனால் அந்த மீதம் எவ்வளவு? 80-இல் ஓட 6 குதிரை செலவாகிற இடத்தில் 15 அல்லது 20 குதிரை இருந்தால் என்ஜின் பாதிக்கும் குறைவான உழைப்பில் ஓடும். 650 சிசி வண்டியைப் போல 47 குதிரை இருந்தால் அந்தச் சொகுசு இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முதல் படி ஏறும்போது கிடைக்கிற பலன் இரண்டாவது படியில் கிடைப்பதில்லை.

முந்துவதற்குத் திறன் வேண்டாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையையோ, விழுப்புரம் திருக்கோவிலூர் சாலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் இரட்டை டிரெய்லரோடு முப்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும். சோகை இருபக்கமும் பிதுங்கி, பின்விளக்கை மறைத்துத் தொங்கும். அதை முந்துகிற நேரத்தில் எதிரே ஒரு பஸ் வருகிறது. நீங்கள் 60, அது 60 என்றால் நடுவிலுள்ள இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் கரைகிறது. உங்கள் வண்டி மூன்று நொடி சீக்கிரம் முந்தி முடித்தால் நூறு மீட்டர் சாலை உங்களுக்கு மிச்சம். அது உயிர் காக்கிற நூறு மீட்டர். ஆகவே முந்தும் திறன் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பதிலிருந்து அறுபதுக்கு இழுக்கிற வேலையைச் செய்வது நடுச்சுழற்சி இழுவை. ஸ்ப்ளெண்டரின் இழுவை 8 நியூட்டன் மீட்டர், கிளாசிக்கின் இழுவை 27. எடைக்காகக் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிது. இங்கேயும் பலனின் பெரும்பகுதி நடுத்தர வண்டியிலேயே வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. டிராக்டருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத வளைவில் 47 குதிரையும் 8 குதிரையும் ஒன்றுதான். பலமான வண்டி வந்த பிறகு, முன்பு பொறுத்துப் போன இடத்தில் இப்போது நுழைந்து பார்க்கலாம் என்று கை துணிந்தால், மிச்சமான நூறு மீட்டரை நாமே செலவழித்துவிட்டோம்.

உடனே அடுத்த மறுப்பு. திறன் மணிக்கட்டில் இருக்கிறது, வண்டியா நம்மை ஓட்டுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. பெரிய என்ஜின் வண்டிகள் சாலையில் ஓடுகிற விகிதத்தைவிடக் குறைவாகவே விபத்தில் சிக்கின, ஆனால் சிக்கியபோது காயம் கடுமையாக இருந்தது என்றார்கள். ஆகவே பெரிய வண்டி என்றாலே விபத்து என்று சொல்வது தவறு, அதை நான் சொல்ல மாட்டேன். அதே அறிக்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிற இன்னொரு செய்தி இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டிய பழக்கம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. அவர்களுடைய மொத்தச் சாலை அனுபவமோ ஏறக்குறைய மூன்று ஆண்டு. ஓட்டத் தெரிந்தவர்கள்தான், புது வண்டி கைக்குப் பழகவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தானாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ கற்றுக்கொண்டவர்கள். இந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் தூரம் அதிகமில்லை. அங்கே கரும்பு டிராக்டர் இல்லை, அது வேறு நாடு, வேறு காலம் என்று சொல்லலாம். ஆனால் பழகாத கை ஆக்சிலேட்டரைத் திருப்பும் அளவு தவறுவதும், பதறும்போது முன்பிரேக்கை விட்டுவிட்டுப் பின்பிரேக்கை மிதிப்பதும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். பின்பிரேக்கை மட்டும் நம்புகிற அந்தப் பழக்கத்தையும் ஹர்ட் குழு பதிவு செய்திருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் தெரிந்ததுதான். 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 சதவீதம். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இவ்வளவும் இருந்தும், பதினெட்டு வயது நிறைந்து கியர் வண்டி உரிமம் வாங்கிய ஒருவர் மறுநாளே 650 சிசி வண்டியில் ஏறலாம், சட்டத்தில் தடை இல்லை. நம் உறவினர்கள் பலர் வாழ்கிற சிங்கப்பூரில் அப்படி முடியாது. முதலில் 200 சிசி வரை, ஓராண்டு கழிந்து தேர்வில் தேறி 400 சிசி வரை, இன்னும் ஓராண்டு கழிந்துதான் அதற்கு மேல். பிரிட்டனில் 17 வயதுக்கு 125 சிசி, 19 வயதுக்கு 35 கிலோவாட், அதாவது 47 குதிரை வரை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை நடத்துகிற ராயல் என்ஃபீல்டு 2018-இல் கொண்டுவந்த இன்டர்செப்டர் 650 தருவது சரியாக அந்த 47 குதிரை. இங்கே தயாராகிற வண்டிக்கு அங்கே படி வைத்து ஏறுகிறார்கள். நமக்கும் அப்படி ஒரு படிமுறை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை ஒவ்வொருவரும் தனக்குத் தானே படி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எடையைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, அது எனக்கு வருத்தம். இன்டர்செப்டர் பெட்ரோல் ஊற்றாமலே 202 கிலோ. ஓடும்போது அது நிதானம் தருகிறது, நான்குவழிச் சாலையில் கல் போல நிற்கிறது. சாலையில் உலர்த்திய மணிலா மீதோ உளுந்து மீதோ ஏறி, பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கும்போது அதே எடை காலின் மேல் சாய்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். பெரிய வண்டியின் உண்மையான அனுகூலம் என்று நான் முதலில் சொல்வது அதைத்தான், குதிரைத்திறனை அல்ல. ஆனால் வண்டி நிற்கும் நிலையில் சாய்ந்தால் ஏபிஎஸ் தூக்கி நிறுத்தாது. பின்னிருக்கையைப் பற்றியும் யாரும் அதிகம் கேட்பதில்லை. சேலை கட்டிய அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையோடு ஆஸ்பத்திரிக்கு முண்டியம்பாக்கம் வரை வர வேண்டும். பெரிய வண்டிகள் பலவற்றின் உயரமான, குறுகிய, சரிவான பின்சீட்டில் அவர் எப்படி உட்காருவார்? வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. செலவைப் பற்றி ஒரு வார்த்தை: 2025 செப்டம்பர் முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணமும் அதே 350-இல் கோடு போட்டு, தாண்டினால் இரட்டிப்பாகிறது.

ஆசை என்று ஒன்று இல்லையா, எல்லாமே கணக்குதானா என்று கேட்பீர்கள். ஆசைக்கு மரியாதை உண்டு. நல்ல என்ஜின் ஒன்றின் ஓசையும் அது சீராக வேகமெடுக்கிற விதமும் மனிதனுக்கு மகிழ்ச்சி தருபவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு ஆண்டு ஓட்டிய கை, மாதத்தில் சில நெடும்பயணம், பெரும்பாலும் தனியாகப் போகிற வழக்கம், வீட்டில் சந்தைக்கும் வயலுக்கும் வேறொரு வண்டி. இவ்வளவும் உள்ளவருக்குப் பெரிய வண்டி பொருந்தும், வாங்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இப்போது வைத்திருக்கிற வண்டியில் ஒரு மாதம் கவனியுங்கள். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை திருப்பி, இன்னும் வேண்டும், ஆனால் வண்டியில் இல்லை என்று எத்தனை முறை தோன்றியது? தினம் தோன்றினால் அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு முறைதான் என்றால் திறன் உங்கள் பிரச்சினை இல்லை. சீட்டோ டயரோ பிரேக்கோதான் மாற வேண்டியது. இந்த மாதத்திலேயே முன்பிரேக்கை அளந்து பிடிக்கக் கையைப் பழக்குங்கள், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

கடைக்குப் போகும்போது, ஓட்டிப் பார்க்கச் சொல்லி பைபாஸுக்கு அனுப்புவார்கள். அங்கே எல்லா வண்டியும் இனிக்கும். மாலை ஆறு மணிக்குக் கடைத்தெருவுக்குள் ஒரு சுற்று கேளுங்கள், வீட்டில் பின்னால் உட்காரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, அந்த வண்டியை உங்கள் கையால் பின்னோக்கித் தள்ளி, சரிவான இடத்தில் திருப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.