மூடியின் மேல் பாயும் குதிரை

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்திருக்கிறது சீயமங்கலம். சீயம் என்றால் சிங்கம். அந்த ஊர்ப் பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தவன் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியர்களுக்குள் புலியாம்! ஆனால் அந்தப் புலி கைப்பட வரைந்தது இதுதான் என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. கோயில் மட்டும் நிற்கிறது.

இந்த வட்டாரத்தின் பெரிய கதை தேசிங்கு ராஜன் கதை. அது வாழ்ந்ததும் ஓவியத்தில் அல்ல, பாட்டிலும் கூத்திலும்தான். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன் தேசிங்கை வரலாறு சில வரிகளில் முடித்துவிடுகிறது. கதைப்பாட்டு விடுமா? டில்லியில் ஒருவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கிய கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ரஷ்ய நாட்டுப்புறக் கதையிலும் அப்படி ஒரு குதிரை உண்டு. பெயர் சிவ்கா பூர்கா. மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி இவான். வீட்டில் அவனுக்கு அசடு என்று பெயர். செத்துப்போன தகப்பனின் கல்லறைக்கு மூன்று இரவு காவல் இருந்ததற்குக் கூலியாக அந்த மாயக்குதிரை கிடைக்கிறது. அதன் ஒரு காதுக்குள் நுழைந்து மறு காது வழியாக வெளியே வந்தால் இவான் அழகன்! உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அரசகுமாரியை எட்ட மூன்று முறை பாய்கிறான். மூன்றாவது பாய்ச்சலில் எட்டிவிடுகிறான்.

அந்தப் பாய்ச்சலை உள்ளங்கையில் அடங்கும் கருப்புப் பெட்டியின் மூடியில் வரைகிறவர்கள், மாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள பாலேக் ஊர்க்காரர்கள். ஆனால் அவர்கள் பெட்டிக்கு வந்தது விரும்பி அல்ல, பிழைப்புப் போனதால்.

பாலேக்கில் தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவத் திருவுருவப் படங்கள்தான் எழுதினார்கள். 1917 புரட்சிக்குப் பின் அவற்றை வாங்க ஆளில்லை. கை தேர்ந்த ஓவியர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான இவான் கோலிகோவ், மாஸ்கோ கைத்தொழில் அருங்காட்சியகத்தில் ஃபெதோஸ்கினோ கிராமத்தின் அரக்குப் பெட்டிகளைக் கண்டார். 1795 முதல் நடந்துவரும் தொழில் அது. அங்கே எண்ணெய் வண்ணம். கோலிகோவ் அதே மாதிரிப் பெட்டியில், தம் முன்னோர் வழியில், முட்டை மஞ்சள் கரு கலந்த வண்ணத்தால் வரைந்து பார்த்தார். 1924 டிசம்பரில் ஏழு பேர் சேர்ந்து கூட்டுறவுப் பட்டறை தொடங்கினார்கள். மறு ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் பாலேக்குக்குப் பரிசுகள்.

சாமிப் படம் எழுதிய கை மாறவில்லை, பொருள்தான் மாறியது. திருவுருவப் படத்துப் புனித ஜார்ஜின் குதிரை சிவ்கா பூர்கா ஆனது. நீண்டு மெலிந்த உடல்களும் படிப்படியாக எழும் பாறைகளும் பழைய திருவுருவங்களில் இருந்தபடியே கதைக்குள் வந்தன.

பெட்டி மரம் என்றுதான் தோன்றும். காகித அட்டை! மாவுப்பசை தடவி, அச்சில் சுற்றி, அழுத்திக் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சூளையில் காய்ச்சுகிறார்கள். பிறகு மரத்தைப் போலவே அறுக்கலாம், இழைக்கலாம். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. கருப்பின் மேல் முதலில் வெள்ளையில் உருவம்; அதன் மேல் வண்ணங்கள். குதிரையின் பிடரி மயிருக்குப் பொன். பொன்தாளைப் பிசினோடு விரலால் குழைத்து, மயிரிழைத் தூரிகையால் தீட்டி, ஓநாய்ப் பல்லால் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். கடைசியில் அரக்குப் பூச்சு, அடுக்கடுக்காக. இத்தனைக்கும் பிறகு அந்த அட்டைப் பெட்டியைப் பொம்மைக் கடைச் சாமான் என்று சொல்ல மனம் வராது.

நம்மூரிலும் ஓவியர்கள் வாடிக்கையாளரை மாற்றிக்கொண்ட காலம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் காக்காப்பொன் தகட்டில் பல்லக்குத் தூக்கிகள், தொழிலாளிகள், திருவிழா ஊர்வலம் என்று சிறு சிறு படங்கள் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அவை சுலபமாகப் பெட்டியில் அடங்கிக் கப்பலேறின. வாங்க வந்தவருக்கு வேண்டியிருந்தது இந்த ஊர் மனிதர்களின் தோற்றம். அவர்கள் சொன்ன கதையல்ல. பாலேக் ஓவியர்களுக்கோ கதையே சரக்காக வாய்த்தது. கொடுத்து வைத்தவர்கள்.

சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த கதைப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த நேயர்களுக்கு இந்த இவான்களும் குதிரைகளும் புதியவர்கள் அல்ல. பெட்டியே என்றாவது கண்ணில் பட்டால் மூடியின் கீழோரத்தைப் பாருங்கள்: பொன்னெழுத்தில் ஓவியரின் பெயரும் பாலேக் என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். பிறகு ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒட்டிய அச்சுப்படம் என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கைவேலை என்றால் பிடரியின் ஒவ்வொரு மயிரும் தனிக்கோடாக ஓடும்.