எது தள்ளுகிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழுத்தம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்', ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' என்று நாம் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம்தான். சூத்திரமும் அலகும் உங்கள் அனைவருக்கும் தெரியும். அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தப் பாடத்தில் நான் பல ஆண்டுகள் செய்துவந்த ஒரு தவறையும், அதைத் திருத்தப் போய் நான் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன்.

ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்பதைக் காட்ட, பாட்டிலில் மூன்று துளை போடும் சோதனையை நாம் எல்லோரும் செய்திருப்போம். நானும் செய்வேன். கரும்பலகையில் முதலில் படம் வரைவேன். மேல் துளையிலிருந்து வரும் நீர் பாட்டிலுக்கு அருகில் விழும். நடுத்துளை நீர் சற்றுத் தள்ளி விழும். அடித்துளை நீர் மிகத் தொலைவில் விழும். பல நூல்களில் இப்படித்தான் படம் இருக்கிறது. பிறகு பாட்டிலை மேசையில் வைத்து, நீர் பீறிடுவதைக் காட்டி, தரை நனைவதற்குள் எடுத்துவிடுவேன். ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

ஓர் ஆண்டு எட்டாம் வகுப்பில், இதை வீட்டில் செய்து அளந்து வரச் சொன்னேன். ஒரு மாணவி எழுதி வந்த அளவுகள்: மேல் துளை 15 செ.மீ., நடுத்துளை 17 செ.மீ., அடித்துளை 15 செ.மீ. நான் சிவப்பு மையில் சுழித்து, 'தவறு. மீண்டும் செய்' என்று எழுதினேன்.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். "நாலு தடவை செஞ்சு பாத்தேன் டீச்சர். நடுவுல இருக்கிறதுதான் தூரமா போகுது" என்றாள். "துளையைச் சரியாப் போட்டிருக்க மாட்டே. பரீட்சையில படத்துல இருக்கிற மாதிரி எழுது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அன்று மாலை நோட்டு திரும்பி வந்தது. பழைய அளவுகளை ரப்பரால் அழித்துவிட்டு 5, 10, 15 என்று எழுதியிருந்தாள். நான் அதற்கு 'நன்று' போட்டேன்.

வீட்டுக்குப் போன பிறகு அந்த 5, 10, 15 உறுத்தியது. இவ்வளவு ஒழுங்கான அளவு எந்தச் சோதனையிலும் வராது என்பது ஓர் அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாதா? வாசலில் பாட்டிலை வைத்து நானே செய்தேன். நீர் மட்டம் 20 செ.மீ.; துளைகள் தரையிலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரத்தில். மட்டம் இறங்காமல் மேலே நீர் ஊற்றிக்கொண்டே அளந்தேன். நடுத்துளை நீர்தான் தொலைவில் விழுந்தது. மேல் துளை நீரும் அடித்துளை நீரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தன. அவள் அளந்தது சரி. நான் தவறு என்று சுழித்து, பொய் அளவு எழுதியதற்கு 'நன்று' போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். அழித்த அளவுகளை மீண்டும் எழுதச் சொன்னேன். உடனே அவள் கேட்டாள்: "அப்ப கீழே போகப் போக அழுத்தம் அதிகம்ங்கிறது தப்பா டீச்சர்?"

தவறில்லை. நாம் அளந்ததுதான் வேறு. துளையிலிருந்து நீர் வெளியேறும் வேகத்தை அழுத்தம் தீர்மானிக்கிறது. ஆனால் நீர் எவ்வளவு தூரம் போய் விழும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒன்று வேகம், மற்றொன்று தரையைத் தொடும்வரை கிடைக்கும் நேரம். 15 செ.மீ. ஆழத்தில் உள்ள அடித்துளையில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் வேகத்தில் வர வேண்டும். 5 செ.மீ. ஆழத்தில் உள்ள மேல் துளையில் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆனால் அடித்துளை நீருக்கு விழ இருக்கும் உயரம் 5 செ.மீ.; அதற்கு ஏறத்தாழ 0.10 நொடி ஆகும். மேல் துளை நீருக்கு 15 செ.மீ. உயரம்; ஏறத்தாழ 0.17 நொடி. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் இரண்டுக்கும் 17 செ.மீ. வருகிறது. நடுத்துளைக்கு 20 செ.மீ. வருகிறது. துளையின் ஓரத்தில் ஏற்படும் உராய்வால் நாம் அளப்பது இதைவிடக் குறைவாக இருக்கும். வரிசை மாறாது.

அப்படியானால் நூல்களில் உள்ள படம் எப்போது சரி? பாட்டிலை உயரமான ஸ்டூலின் ஓரத்தில் வைத்து, நீரைத் தரையில் விழ விடுங்கள். தரை 60 செ.மீ. கீழே இருந்தால் மூன்று துளை நீருக்கும் விழும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அப்போது கணக்குப்படி மேல் துளை நீர் 39, நடுத்துளை நீர் 53, அடித்துளை நீர் 62 செ.மீ. தூரத்தில் விழும். பாட்டிலை மேசையில் ஒருமுறை, ஸ்டூலில் ஒருமுறை வைத்துக் காட்டி, ஏன் மாறுகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவார்கள்.

அழுத்தத்தை நேராகவே அளக்க வேண்டுமானால் அதற்கும் எளிய வழி இருக்கிறது. மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய டிரிப்ஸ் குழாயை அட்டையில் U வடிவில் ஒட்டி, பாதி அளவுக்கு வண்ண நீர் ஊற்றுங்கள். அருகில் ஓர் அளவுகோலை ஒட்டுங்கள். குழாயின் ஒரு முனையைப் புனலோடு இணைத்து, புனலின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். புனலை வாளி நீரில் இறக்க இறக்க, குழாயில் வண்ண நீரின் மட்ட வேறுபாடு கூடிக்கொண்டே போகும். அதே ஆழத்தில் புனலின் வாயை மேல்நோக்கி, பக்கவாட்டில், கீழ்நோக்கித் திருப்பிக் காட்டுங்கள். மட்டம் ஏறத்தாழ மாறாது. 'நீரின் எடை கீழ்நோக்கித்தானே அழுத்தும்?' என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி காற்றுக்கு வருவோம். அந்தப் பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு மாற்றம் வந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்கப் பயப்படவில்லை. ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது: "வெளியில நின்னா தலைக்கு மேல அவ்வளவு உயரத்துக்குக் காத்து இருக்கு. கிளாஸுக்குள்ள கூரை வரைக்கும் பத்தடிதானே இருக்கு? அப்ப உள்ளே அழுத்தம் கம்மியா டீச்சர்?"

வளிமண்டல அழுத்தம் என்றால் நம் மேல் உள்ள காற்றின் எடை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. பதிலைத் தேட ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சு போதும். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை அழுத்தச் சொல்லுங்கள். விட்டதும் தண்டு திரும்பி வரும். சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்றின் எடை ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது தள்ளுகிறது. ஏன்? மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி, சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. இடத்தைப் பாதியாக்கினால் மோதல் இரட்டிப்பாகிறது. அழுத்தமும் இரட்டிப்பாகிறது. அதே சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி அழுத்தச் சொல்லுங்கள். தண்டு அசையாது. நீரில் மூலக்கூறுகள் நெருங்கி இருப்பதால் நெருக்க இடமில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். மேலே உள்ள காற்றின் எடையால் தரைமட்டக் காற்று ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கிறது. அந்த நெருங்கிய காற்றுதான் கதவு, சன்னல் வழியாக உள்ளேயும் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் வெளியில் மோதுகிற அளவுக்கு உள்ளேயும் மோதுகின்றன. அதனால் அழுத்தம் ஒன்றுதான். 3 மீட்டர் உயர அறையில் தரைக்கும் கூரைக்கும் இடையே காற்றழுத்த வேறுபாடு 35 பாஸ்கல் அளவுதான். மொத்தம் 1,01,325 பாஸ்கலில் அது ஒன்றுமில்லை. அதே அறை நிறைய நீர் இருந்தால் வேறுபாடு 29,400 பாஸ்கல். நீர்மத்தில் ஆழம் முக்கியமாகத் தெரிவதும், சிறு கொள்கலனில் உள்ள வாயுவில் அது தெரியாததும் ஏன் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு பஸ்ஸில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். உதகையில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று பழையபடியே தள்ளுகிறது. வெளியிலிருந்து தள்ளுவதுதான் குறைந்துவிட்டது.

'எது தள்ளுகிறது?' நான் இப்போது இந்தப் பாடம் முழுவதும் கேட்கும் கேள்வி இதுதான். ஏனென்றால் பிள்ளைகள் 'காற்று இழுக்குது', 'ஸ்ட்ரா உறிஞ்சுது' என்றே சொல்கிறார்கள். பேச்சு வழக்கில் அது இருக்கட்டும். அறிவியல் வகுப்பில் ஒரு பாட்டில் மூடியில் துளை போட்டு, ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் காற்றுப் புகாதபடி மெழுகால் அடைத்துவிடுங்கள். பாட்டில் நிறைய நீர் இருக்கட்டும். ஒருவரைக் குடிக்கச் சொல்லுங்கள். முதல் வாய் கொஞ்சம் வரும், பிறகு வராது. மூடியைத் தளர்த்தினால் தாராளமாக வரும். நாம் செய்வது ஸ்ட்ராவுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

இதை நடத்தியபோது ஒரு விவசாயியின் மகன் எழுந்தான். "எங்க கிணத்துல தண்ணி கீழே போயிட்டா மோட்டாரையும் கீழே இறக்குவாங்க டீச்சர். மேலேயே வச்சிருந்தா தண்ணி ஏறாது" என்றான். எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை. மேலே இருக்கும் மோட்டார், குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் உள்ள வளிமண்டலம் நீரைத் தள்ளுகிறது. வளிமண்டலத்தால் நீரை 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ள முடியும். எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும் அந்த எல்லை மாறாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் சிரமம்தான். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை நீருக்குள்ளேயே இறக்குகிறோம். அது கீழிருந்து தள்ளுவதால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்தும் நீர் வருகிறது.

இத்தாலியில் பம்பு வைத்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. பத்து மீட்டருக்கு மேல் நீர் ஏறவில்லை. 1643-இல் டாரிசெல்லி நீருக்குப் பதிலாகப் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது 76 செ.மீ. உயரத்தில் நின்றது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கொண்டது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 1,034 செ.மீ., அதாவது நம் கிணற்றின் அந்த 10.3 மீட்டர் வரும். 1648-இல் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சின் புய் த டோம் மலைமேல் பாதரசக் குழாயைக் கொண்டுபோனார். உச்சியில் பாதரச மட்டம் ஏறத்தாழ 8 செ.மீ. இறங்கியது. மேலே போனால் தள்ளும் காற்று குறைகிறது என்பதை அளந்து காட்டிவிட்டார். பாதரசம் நச்சுப் பொருள். நம் வகுப்பில் அது வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் போதும்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். அழுத்தம் பாடத்தில் ஒரு சோதனையை வகுப்பில் காட்டுவதற்கு முன், வீட்டில் ஒருமுறை அளவுகோலோடு செய்து பாருங்கள். நூலில் உள்ள படத்தையும் அந்த அளவுகோலால் சோதியுங்கள். இது ஒன்று.

மற்றொன்று, என் வகுப்பில் இப்போது உள்ள விதி. சோதனை நோட்டில் ரப்பர் கூடாது. அளவு தவறு என்று தோன்றினால் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் புதிய அளவை எழுத வேண்டும். பழைய அளவு படிக்கும்படி இருக்க வேண்டும். எதிர்பார்த்தது வராவிட்டால் மதிப்பெண் குறையாது. ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் கூடுதலாகவே கிடைக்கும்.

அந்த மாணவியின் நோட்டுப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அழித்த இடத்தில் 15, 17, 15 மங்கலாகத் தெரியும். அதன் மேல் 5, 10, 15; பக்கத்தில் என் 'நன்று'; அதற்குக் கீழே, மறுநாள் அவள் மீண்டும் எழுதிய சரியான அளவுகள். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.